போர்ப்படங்களில் வேடம் பூண்ட விமானங்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, காலை எட்டு மணியளவிற் கொழும்பு நகரின்மீது யப்பானியக் கடற்படை விமானங்கள் தோன்றின. குண்டெறி விமானங்கள் 91. அவற்றுக்குத் துணையாக வந்த போர்விமானங்கள் 36. துறைமுகமும் இரத்மலானையுமே அவற்றின் முதன்மையான இலக்குகள். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய பகுதிகளின் மக்களுக்கு அன்றைய குண்டோசை வாசலில் எழுந்த ஓசையாகவே இருந்தது. ‘தெனெடோஸ்’ என்னும் நாசகாரிக் கப்பலும், படைக்கலம் பூட்டப்பெற்ற வணிகக் கப்பலாகிய ‘ஹெக்ரர்’ என்பதும் துறைமுகத்திலேயே மூழ்கின. நகரத்தவர் பலர் வீடுவாசலைப் பூட்டிக்கொண்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர்.

அக்காலையைக் கண்ணாரக் கண்டோர் இன்று மிகச் சிலரே. ஏனையோருக்கு அவ்விமானங்களின் தோற்றம் எங்கிருந்து கிடைக்கின்றது? பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே எனலாம். 1970இல் வெளிவந்த ‘தோரா! தோரா! தோரா!’ என்னும் படம் பேர்ள் துறைமுகத் தாக்குதலைக் காட்டுவது. அத்துறைமுகத்தை 1941 டிசம்பரில் தாக்கிய நகுமோ தளபதியின் கப்பற்படையே நான்கு திங்கள் கழித்து இந்து சமுத்திரத்துக்கு வந்தது. அங்கே சென்ற விமானந்தாங்கிக் கப்பல்கள் ஆறு. இங்கே வந்தவை ஐந்து. ‘காகா’ என்னும் கப்பல் ஒன்றே வரவில்லை. இரு தாக்குதல்களிலும் வானில் தலைமை தாங்கியவரும் புச்சிடா என்னும் ஒருவரே. ‘புலி’ எனப் பொருள்படும் ‘தோரா’ என்ற சொல், எதிரி அறியாவண்ணம் தாக்குதல் கைகூடிற்று என்பதற்கு அவர் அன்று அனுப்பிய குறிச்சொல்லாகும். ஆகவே அப்படத்திற் பறப்பவை கொழும்பின்மீது பறந்த விமானங்களின் சாயல்கள் எனக் கொள்வது பொருந்தும். ஆனால் உண்மையில் அவற்றுள் ஒன்றேனும் யப்பானில் செய்யப்பட்டதன்று. அத்தனையும் வேடமணிந்த அமெரிக்கப் பயிற்சி விமானங்கள்.

இவ்வேடம் ஏன் வேண்டியதாயிற்று? தோற்ற நாட்டின் போர்க்கலங்களை வென்றோர் பேணி வைப்பதில்லை. ‘சீரோ’ என்னும் யப்பானியப் போர்விமானம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. 1945இன் பின் எஞ்சியவை எரிக்கப்பட்டன, உடைக்கப்பட்டன, உலோகமாக உருக்கப்பட்டன. 1968இற் படப்பிடிப்புத் தொடங்கியபோது பறக்கத்தக்க நிலையில் ஒரு சீரோவும் கைக்கெட்டவில்லை. வேடமிடும் வழக்கமோ அதற்கு நெடுநாள் முற்பட்டது. 1927இல் வெளிவந்த ‘விங்ஸ்’ என்னும் ஊமைப்படத்திலேயே அமெரிக்கக் ‘கேட்டிஸ்’ விமானங்கள் ஜெர்மானிய விமானங்களாக நடித்தன. ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் படத்திற்காக ஜெர்மானியக் ‘கோதா’ குண்டெறி விமானமாக ஒப்பனை செய்யப்பட்ட ‘சிக்கோர்ஸ்கி’ விமானமொன்று 1929இற் படப்பிடிப்பின்போது வீழ்ந்து நொறுங்க, அதனுள் இருந்த இயந்திரத் தொழிலாளர் உயிரிழந்தார். கூத்தில் வாள் அட்டையாயிருக்கலாம். வானிலோ வேடம் பூண்ட பொறியும் மெய்யாகவே வீழும்.

ஒப்பனை எவ்வாறு செய்யப்பட்டது என்பது விரித்து நோக்கத்தக்கது. சீரோவின் வேடத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது அமெரிக்கர் ‘ரெக்சன்’ என்றும் பிரித்தானியர் ‘ஹாவார்ட்’ என்றும் வழங்கிய பயிற்சி விமானம். தாழ்ந்த சிறகு, முழு உலோக உடல், முன்புறத்தில் வட்டமாக அடுக்கிய உருளைகளைக் கொண்ட பொறி, உள்நோக்கி மடியும் சக்கரங்கள் என்பன இரண்டுக்கும் பொது. ஆனால் ஹாவார்டில் ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக அமர்வர். சீரோ ஒருவருக்கே உரியது. எனவே நீண்ட கண்ணாடிக் கூண்டு குறுக்கப்பட்டுப் பின்பகுதி மூடப்பட்டது. சிறகுநுனிகள் வட்டமாக்கப்பட்டன, பொறியின் மூடி திருத்தப்பட்டது, செஞ்சூரிய வட்டம் தீட்டப்பட்டது.

செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறியும் ‘வல்’ விமானத்துக்கு வேறொரு பயிற்சி விமானமாகிய ‘வாலியன்ற்’ உதவிற்று. இரண்டிலும் சக்கரங்கள் மடிவதில்லை. வெளியே நிலையாக நிற்பன. அச்சக்கரங்களுக்குக் காலுறைபோன்ற மூடிகளைப் பொருத்தியதும் பாதி வேலை முடிந்தது. டொர்ப்பீடோ தாங்கும் ‘கேற்’ விமானமே பெரும்பாடு படுத்தியது. மூவர் செல்லும் நீண்ட உடல் அதனுடையது. அதற்கீடான பயிற்சி விமானம் இல்லை. ஆகவே ஹாவார்டின் உடலை நீட்டி, வாலியன்றின் வாற்பகுதியை அதனுடன் இணைத்து, இரண்டு விமானங்களின் உறுப்புக்களால் ஒன்றைச் சமைத்தனர். அவ்வாறு ஒட்டவைத்த ஒன்றைப் பறக்கச் செய்தமை தச்சன் வேலையன்று. எடையும் சமநிலையும் மாறும்போது பறப்பின் இயல்பே மாறுமாதலால், பொறியியலாளரின் கணக்கும் விமானியின் துணிவும் அதற்கு ஒருங்கே வேண்டியிருந்தன.

எத்துணை ஒப்பனை செய்யினும் மறையாதன சில உள. ஹாவார்டின் சிறகு உடலோடு பொருந்தும் இடத்தில், சக்கரங்கள் மடிந்து புகுவதற்காக முன்விளிம்பு சற்றே முன்னுந்தி நிற்கும். சீரோவின் முன்விளிம்பிலே அம்மடிப்பு இல்லை. வேகம் மற்றொன்று. சீரோ மணிக்கு ஏறத்தாழ 330 மைல் செல்லவல்லது. ஹாவார்ட் 210 மைலை எட்டுவதே அரிது. மூன்றாவது ஓசை. ஹாவார்டின் சுழலி இடையே பற்சக்கரமின்றிப் பொறியோடு நேரே பிணைக்கப்பட்டது. பொறி விரையும்போது சுழலியின் நுனி ஒலியின் வேகத்தை அணுகி, துணி கிழிப்பது போன்ற கரகரப்பை எழுப்பும். திரையரங்கில் ஒலிப்பதிவாளர் அதனை மாற்றிவிடலாம். வெளிவானில் மாற்ற இயலாது.

விமானங்கள் மட்டுமன்றி அவற்றைத் தாங்கிய கப்பலும் வேடம் பூண்டது. யப்பானிய விமானந்தாங்கியாகத் திரையில் தோன்றுவது ‘யோர்க்ரவுண்’ என்னும் அமெரிக்கக் கப்பல். இதே பெயர் தாங்கிய முந்திய கப்பலொன்றை 1942இல் மிட்வே சமரில் யப்பானியரே மூழ்கடித்தனர் என்பதை எண்ணுவோர் இவ்வேடத்தின் விசித்திரத்தை உணர்வர்.

ஒருமுறை அணிந்த வேடம் எளிதிற் கலையவில்லை. அப்படத்தின் காட்சித்துண்டுகள் 1976இல் வெளிவந்த ‘மிட்வே’ படத்தில் மீண்டும் கையாளப்பட்டன. அதே படத்தில் மெய்யான போர்க்காலப் பதிவுகளும் இடையிடையே கலந்துள்ளன. இவ்வாறு ஒப்பனையும் ஆவணமும் ஒரே திரையில் அடுத்தடுத்து ஓடும்போது பார்ப்போருக்கு எல்லை தெரிவதில்லை. குறை கூறத்தக்க இடம் இதுவேயாம். 1980இலும் 2001இலும் வெளிவந்த வேறு படங்களிலும் அப்பழைய வேடதாரிகள் பறந்தன. அமெரிக்க விமானக் கண்காட்சிகளில் அவை நெடுங்காலம் பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடித்துக் காட்டின. மூல விமானங்கள் பணியாற்றிய காலத்தினும் அவற்றின் போலிகள் பறந்த காலம் நீண்டதாயிற்று.

ஐரோப்பியப் போர்க்களத்தைக் காட்டிய ‘பற்றில் ஒவ் பிரிட்டன்’ என்னும் 1969ஆம் ஆண்டுப் படத்திலும் இத்தகைய முரண் உண்டு. ஸ்பானிய வான்படையிடம் ஜெர்மானிய ‘மெசர்ஷ்மிற்’, ‘ஹெயிங்கல்’ ஆகியவற்றின் அமைப்பிற் செய்யப்பட்ட விமானங்கள் இருந்தன. போருக்குப்பின் ஜெர்மானியப் பொறிகள் கிடையாமற்போகவே, ஸ்பானியர் அவற்றுக்குப் பிரித்தானிய ‘மேர்லின்’ பொறியைப் பூட்டினர். பிரித்தானிய ‘ஸ்பிற்பயர்’ விமானத்தின் பொறியும் அதுவே. ஆகவே அப்படத்தின் வான்சமரிற் பகைவர் இருவரும் ஒரே குலத்துப் பொறிகளால் உந்தப்பெற்றனர். ஜெர்மானியப் பொறி தலைகீழாக அமைந்தது. புகைவாய்கள் மூக்கின் தாழ்பகுதியில் இருக்கும். மேர்லினில் அவை மேலே இருக்கும். மூக்கின் அடிப்பகுதியும் புடைத்து நிற்கும். அதனாலேயே ஸ்பானியர் அதனைக் கழுத்துப் புடைத்த புறாவின் பெயரால் ‘பூச்சோன்’ என்றழைத்தனர். 2017இல் வந்த ‘டன்கேர்க்’ படத்திலும் இப்புறாவே மெசர்ஷ்மிற் ஆயிற்று. அதன் மூக்கிற் பூசிய மஞ்சள் வர்ணம் டன்கேர்க் சமருக்குப் பின்னரே வழக்கில் வந்தது. பகைவனைப் பார்ப்போர் எளிதில் இனங்காணும்பொருட்டு நெறியாளர் அறிந்தே செய்த பிழை அது. தீமையில்லாத பிழையெனினும், அறிவிப்பின்றிப் புகும் பிழை நாளடைவில் வரலாறாகி விடுகின்றது.

கொழும்புக்கு மேலே நிகழ்ந்த வான்சமரிற் பிழைபட்ட கணக்கு திரைப்படம் வருமுன்னரே எழுந்தது. தாம் வீழ்த்தியவை எனப் பிரித்தானியர் அன்று அறிவித்த தொகை மெய்த்தொகையினும் பன்மடங்கு. யப்பானியப் பதிவேடுகளின்படி அன்று இழந்தவை ஏழு விமானங்களே: ‘வல்’ ஆறு, சீரோ ஒன்று. இரத்மலானையிலிருந்த ‘ஹறிக்கேன்’ விமானிகளுக்கு முன்னெச்சரிக்கை கிட்டவில்லை. பகைவிமானங்கள் தலைக்கு மேல் வந்தபின்னரே அவர்கள் ஓடி ஏறிப் புறப்பட்டனர். மாறாக, கொழும்பின் குதிரைப்பந்தயத் திடல் அப்போது விமானத்தளமாக மாற்றப்பட்டிருந்தது. பந்தயத் திடலின் தோற்றமே அதற்கு வேடமாயிற்றுப் போலும். அத்தளம் அன்று தாக்கப்படாது தப்பியது. திருகோணமலைப் பக்கமிருந்து டொர்ப்பீடோ சுமந்து வந்த மந்தகதியுடைய ‘சோட்பிஷ்’ விமானங்கள் ஆறும் சீரோக்களின் வழியிற் சிக்கி அழிந்தன. அவ்வாறின் வேகத்தையும் சீரோவின் வேகத்தையும் ஒப்புநோக்கினால் அம்முடிவு வியப்பன்று. ஆனால் சீரோவின் மெய்யான வேகத்தை, ஹாவார்ட் பறக்கும் திரையில் எவரும் கண்டிலர்.

ஹறிக்கேனை உந்தியதும் மேர்லின் பொறியே. 1951இல் நிறுவப்பட்ட இலங்கை வான்படை பின்னர் பயிற்சிக்கெனப் பெற்ற ‘பலியோல்’ விமானங்களிலும் அப்பொறியே இருந்தது. இரத்மலானையிலுள்ள வான்படை அரும்பொருட்சாலையில் ஒரு பலியோல் வைக்கப்பட்டுள்ளது. மெசர்ஷ்மிற்றின் வேடத்தில் திரையிற் பறந்த பூச்சோனின் மூக்கினுள் இருந்தது எத்தகைய பொறி என்பதை அறிய விரும்பும் மாணவர், 1942இல் ஹறிக்கேன்கள் அவசரமாக எழுந்த அதே விமானநிலையத்தருகே சென்று அதன் உறவுப்பொறியைத் தாங்கிய விமானத்தை வேடமின்றிக் காணலாம்.