ஓடிய கார் வாங்குவோர்க்கு ஒரு சொல்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். ஊருக்கு எப்போது புறப்படுவது? ரயிலில் இடம் கிடைத்ததா? இடம் கிடைக்காத ஆண்டுகளில் அடுத்த பேச்சு தானாகவே தொடங்கிவிடும்: "பழைய கார் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" ஏழு பேர் அமரக்கூடிய டீசல் வண்டி, விலையோ புதியதில் பாதிக்கும் குறைவு. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நல்ல சாலை. ஆசை பிறப்பதில் வியப்பில்லை. அந்த ஆசைக்கு ஆட்பட்டு அடிபட்டவன் என்ற தகுதி ஒன்றைக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் மூலம் அத்தகைய கார் ஒன்றை வாங்கினேன். மீட்டரில் 72,000 கிலோமீட்டர். வண்ணம் பளபளத்தது, இருக்கைகளுக்குப் புதிய உறை. மே மாதம் அம்மன் கொடைக்காக, வயது முதிர்ந்த என் தாயார் உட்பட அறுவர் புறப்பட்டோம். புனேயைக் கடந்து காம்பட்கி மலைப்பாதையில் ஏறும்போது, சீழ்க்கையடிப்பது போன்ற ஓர் ஒலி கேட்டது. சிறிது நேரத்தில் வண்டி வலுவிழந்து தளர்ந்தது, பின்னே நீலப்புகை. சதாராவில் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துச் சென்றோம். கழற்றிப் பார்த்தபோது, டர்போவின் தண்டு தேய்ந்து, அதன் இறக்கைகள் உறையில் உராய்ந்து சிதைந்திருந்தன. எஞ்சினுள் எண்ணெய் தார்போல் திரண்டு கிடந்தது. அவ்வண்டியின் பழைய பழுதுபார்ப்புப் பதிவை விசாரித்தறிந்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதென்று தெரியவந்தது. கொடை செவ்வாய்க்கிழமை இரவு. நாங்கள் பேருந்து மாறிப் பேருந்து மாறி ஊர் போய்ச் சேர்ந்தது வியாழன் காலை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நிற்க. அந்த டர்போ என்பதுதான் யாது?

நம் பெரியவர்கள் பழகிய கார் வேறு. குர்லாவிலிருந்த பிரீமியர் ஆலையில் உருவான ஃபியட்டையும் பத்மினியையும் இந்நகரத்தார் யாவரும் அறிவர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியோடு டாக்சித் தொழிலிலிருந்து விடைபெற்ற அந்தப் பத்மினியை, தெருமுனை மெக்கானிக் ஒரு ஸ்பானரும் திருப்புளியும் கொண்டே சீர்செய்துவிடுவார். டர்போ உள்ள எஞ்சின் அத்தகையதன்று. எரிந்து வெளியேறும் புகையின் விசையை வீணாக்காமல், அதனால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிப்பதே டர்போவின் வேலை. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். ஆகவே சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வலுவைத் தரும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி என்பவர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 2005-இல் வந்த இன்னோவா, 2007-இல் வந்த டீசல் ஸ்விஃப்ட் முதலியவற்றால் இது நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது. இன்று பழைய டீசல் கார் வாங்குவோர் பெரும்பாலும் ஒரு டர்போவையும் சேர்த்தே வாங்குகின்றனர். 2017-இன் நெக்ஸான், 2019-இன் வென்யு போன்றவற்றின் சில பெட்ரோல் வகைகளிலும் அது உண்டு.

அச்சக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாக்கும் புகையின் சூடு, டீசல் எஞ்சினில் 700 பாகை செல்சியஸ் அளவையும் எட்டும். இத்தனை வேகத்தையும் சூட்டையும் தாங்கும் தண்டு, தலைமுடியினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்தபடிதான் சுழல்கிறது. அந்த எண்ணெய் எஞ்சினிலிருந்தே வருகிறது. எண்ணெய் அழுக்கேறினாலும் குறைந்தாலும் முதலில் அடிபடுவனவற்றுள் ஒன்று டர்போ. வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை நிறுத்திவிட்டால், தண்டைச் சுற்றி நின்றுபோன எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். அக்கரி எண்ணெயின் வழியை அடைக்கும்.

ஊரிலிருந்து திரும்பியபின், தாராவியில் பட்டறை வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஓடின தூரத்தைக் கேட்டு வாங்கினீர்களே அண்ணாச்சி, எண்ணெய் மாற்றின தேதியைக் கேட்டீர்களா?" நான் கேட்கவில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றி, நெடுஞ்சாலையில் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பதிவேதுமின்றி நகர நெரிசலில் 60,000 ஓடியதைக் காட்டிலும் மேலானதாக இருக்கக்கூடும். மீட்டர் எண்ணைக் குறைத்து வைப்பதோ தரகு உலகில் புதுமையன்று.

ஆகவே, வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, பழுதுபார்ப்புப் பதிவு. அந்த நிறுவனத்தின் பட்டறையில், உரிமையாளரையும் உடன்வைத்துக்கொண்டு, பதிவெண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது, எண்ணெய் எப்போது மாறியது என்பது அங்கே இருக்கும். பதிவு நடுவில் நின்றுபோயிருந்தால், ஏன் என்று கேளுங்கள். தேய்ந்த மிதிக்கட்டையும் வழுவழுத்த ஸ்டியரிங்கும் குறைந்த மீட்டர் எண்ணோடு பொருந்தா. முன்பு வாடகை வண்டியாக ஓடியதா என்பதையும் பதிவு விவரங்களில் பாருங்கள்.

இரண்டாவது, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால், மூடியைத் தொட்டாலே தெரியும். கிளப்பியதும் வரும் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அடர்ந்த கரும்புகை, காற்றுப் போதாமையையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகையும் நல்லதன்று. மூன்றாவது, நம்பகமான மெக்கானிக்கை உடனழைத்துச் சென்று, டர்போவுக்குக் காற்று செல்லும் குழாயைக் கழற்றச் சொல்லித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு அசைவது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை உறையைத் தொட்டாலோ, குழாயில் எண்ணெய் தேங்கி நின்றாலோ, அவ்வண்டியை விட்டுவிடுங்கள்.

நான்காவது, ஓட்டிப் பாருங்கள். தெருவைச் சுற்றிவந்தால் போதாது. செம்பூரிலிருந்து தென்மும்பை செல்லும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில், 2013-இல் முதற்பகுதி திறந்த ஏறத்தாழ 17 கிலோமீட்டர் பாதையில், ஒரு முறை சென்று வாருங்கள். விசை சீராக ஏறவேண்டும். சீழ்க்கை ஓங்கி ஒலித்தாலோ, திடீரென வலுக் குன்றினாலோ ஐயுறுக.

ஐந்தாவது, வெள்ளம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், தெருக்களில் கார்கள் மூழ்கிக் கிடந்ததையும் கண்டவர்கள் நம்மிடையே பலர். 2015 டிசம்பரில் சென்னையிலும் அவ்வாறே நேர்ந்தது. மூழ்கிய வண்டி துடைக்கப்பட்டு வேறூரில் விலைபோவதுண்டு. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். கடைக்கோடியில் சேற்றுக்கோடு தெரியும். தரைவிரிப்பின் அடியில் முகர்ந்தும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விடவும் கடைத்தெரு சென்று வரவும் மட்டுமே கார் வேண்டுவோர்க்கு டீசல் ஏற்றதன்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ப அமைந்த டீசல் கார்களில், கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து நீங்கும். நெரிசலிலேயே ஊர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

இனிப் பத்திரங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவிக்கவேண்டும். படிவம் 29-உம் 30-உம் இதற்கானவை. வண்டியின்மீது வங்கிக்கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றை இங்கே கொணர்வோர், அவ்வூர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுக்குரிய படிவம் 28-ஐயும், இங்குச் செலுத்தவேண்டிய சாலைவரியையும் கணக்கிலெடுத்தபின் விலை பேசுக. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். விற்பவர்க்கும் இதில் அக்கறை உண்டு. பெயர் மாற்றாமல் பலர் கைமாறிய கார் ஒன்று 2009-இல் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்கியபின் செய்யவேண்டியவை சில. பதிவு எதுவாயினும், முதல் நாளே எண்ணெயையும் அதன் வடிகட்டியையும், காற்று வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கையேட்டில் குறித்த தர எண்ணெயையே ஊற்றுங்கள். கையேடு 10,000 கிலோமீட்டர் என்றாலும், பழைய வண்டிக்கு 7,500-இலேயே மாற்றுவது நன்று. மலையேறி வந்தபின் ஒரு நிமிடமேனும் எஞ்சினை நின்றபடியே ஓடவிட்டு நிறுத்துங்கள். விலை பேசும்போதே, கையிலுள்ள பணம் அனைத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். டர்போ பழுதானால் செலவு பல்லாயிரம்; அதற்கொரு தொகை ஒதுங்கியிருக்கட்டும்.

இந்த முறைகளைப் பின்பற்றி இரண்டாம் முறை நான் வாங்கிய கார், வாங்கும்போதே 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. உறவினர் சிரித்தனர். ஆயினும் அத்தனை கிலோமீட்டருக்கும் எண்ணெய் மாற்றிய தேதிகள் தாளில் இருந்தன. அதில் இருமுறை ஊர் சென்று திரும்பினோம். சென்ற மே மாதம் காம்பட்கி ஏறி முடித்ததும், சாலையோரம் நிறுத்தி எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டேன். முன்னிருக்கையிலிருந்த அம்மா கேட்டாள்: "ஏன் நின்னுட்டே? பழுதா?" இல்லையென்றேன். செவ்வாய்க்கிழமை மாலை, மேளம் தொடங்குமுன்னரே ஊருக்குள் நுழைந்தோம்.