தென்கொரியாவில் ஆசிரியர் வேலை: டி-10 விசாவிலிருந்து எந்தக் கதவு திறக்கும்?

தென்கொரியாவில் 90 நாள்களுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் ஒருவர் அங்கே எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அவருடைய பதிவு அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் ஓர் எழுத்தும் எண்ணுமே தீர்மானிக்கின்றன. கல்லூரி மாணவருக்கு டி-2, வேலை தேடுபவருக்கு டி-10, பல்கலைக்கழக ஆசிரியருக்கு இ-1, பள்ளியிலோ தனியார் பயிற்சி நிலையத்திலோ அயல்மொழி உரையாடல் கற்பிப்பவருக்கு இ-2, அரசு பட்டியலிட்ட சிறப்புப் பணிகளுக்கு இ-7 என்று இந்த வரிசை நீள்கிறது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்துவிட்டு, டி-10 தகுதியில் வேலை தேடிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள், தங்கள் துறையில் வேலை அமையத் தாமதமாகும்போது ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை மாற்று வழியாக எண்ணிப் பார்ப்பது இயல்புதான். அந்த வழி யாருக்கு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதை அறியாமல் அதில் இறங்குபவர்கள், படிப்பால் ஈட்டிய வாய்ப்புகளையும் சேர்த்து இழக்க நேரிடும்.

விசாவும் தங்கும் தகுதியும்

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கு அதன் தூதரகம் வழங்கும் அனுமதி. நுழைந்தபின் ஒருவர் என்ன நோக்கத்துக்காக, எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை வரையறுப்பது தங்கும் தகுதி. ‘விசாவை மாற்றுவது’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது, நாட்டை விட்டு வெளியேறாமலேயே இந்தத் தகுதியை மாற்றிக்கொள்வதைத்தான் குறிக்கிறது. தென்கொரியாவின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, தன் தகுதிக்கு உட்படாத வேறொரு செயலில் ஈடுபட விரும்பும் வெளிநாட்டவர், அதைத் தொடங்குவதற்கு முன்பே நீதி அமைச்சகத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்த அனுமதியை அமைச்சகத்தின் சார்பில் வழங்குவது அவர் வசிக்கும் வட்டாரத்துக் குடிவரவு அலுவலகம்.

டி-10 என்பது இ-1 முதல் இ-7 வரையிலான தொழில்முறைப் பணிகளில் வேலை தேடுவதற்கென்று வகுக்கப்பட்ட தகுதி. வயது, கல்வி, பணி அனுபவம், கொரியாவில் படித்த படிப்பு, கொரிய மொழித் திறன் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இட்டு, தேவையான அளவு பெறுபவர்களுக்கே இது பொதுவாக வழங்கப்படுகிறது. காலம் முடியும்போது, எந்தெந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தோம், செலவுக்கு என்ன வழி என்பவற்றுக்குச் சான்று காட்டினால் அதை நீட்டித்துக்கொள்ளலாம்; குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, தொழில்முறைத் துறைகளில் பயிற்சிப் பணியாளராகவும் இருக்கலாம். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுப்பதற்கு டி-10 இடம் தருவதில்லை.

தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. பயிற்சி நிலையத்தில் ஓர் ஆசிரியர் திடீரென விலகிவிட்டால், அதன் உரிமையாளர் புதியவரிடம் ‘விசா மாறுவதற்குள் இந்த வாரம் மட்டும் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது வழக்கம். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அவரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் அந்த ஒரு வாரமே அனுமதியற்ற வேலை. அதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 3 கோடி வொன் வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வேலை கொடுத்தவரும் தண்டனைக்கு உரியவரே என்றாலும், நாட்டை விட்டு வெளியேற்றப்படும் ஆபத்து ஆசிரியருக்கு மட்டுமே உரியது.

ஏழு நாடுகளும் ஒரு விதிவிலக்கும்

தென்கொரியாவில் 1997-இல் தொடக்கப்பள்ளியின் 3-ஆம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1995-இல், அயல்நாட்டவரை அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களாக அமர்த்தும் எபிக் என்ற திட்டத்தை அரசு தொடங்கியிருந்தது. இவற்றோடு ‘ஹாக்வொன்’ எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களும் பெருகின. தமிழ்நாட்டின் டியூஷன் சென்டர்களை நினைவூட்டும் இந்த நிலையங்கள், சியோல் நகரில் இரவு 10 மணிக்குள் மூடப்பட வேண்டும் என்று விதி போட வேண்டிய அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் நேரத்தை விழுங்குகின்றன. இ-2 தகுதியில் வரும் ஆசிரியர்களுக்கு வேலை தருபவற்றுள் ஹாக்வொன்களின் பங்கு பெரிது.

எனினும் ஆங்கிலம் கற்பிக்க இ-2 பெறுவதற்கு ஆங்கிலப் புலமை மட்டும் போதாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடியுரிமையும் இளங்கலைப் பட்டமும் வேண்டும் என்பதே பொது விதி. அந்தப் பட்டியலில் இல்லாத இந்தியாவுக்கு ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. இரு நாடுகளும் 2009 ஆகஸ்ட் 7-இல் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் வைத்திருக்கும் இந்தியர்கள், தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர்களாகப் பணியாற்ற இ-2 பெறலாம். இந்தச் சலுகை ஹாக்வொன்களுக்குப் பொருந்தாது. பொறியியலோ வேதியியலோ படித்தவருக்கு, அவர் எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும், ஹாக்வொன் வேலைக்கு இ-2 வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் முகவர், கிடைக்காத ஒன்றுக்கே பணம் கேட்கிறார்.

எந்தத் துறையில் பட்டம் பெற்றவராயினும் ஏழு நாடுகளின் குடிமகனுக்குத் திறக்கும் கதவு, பி.எட். முடித்துப் பல ஆண்டுகள் ஆங்கில வகுப்பெடுத்த இந்திய ஆசிரியருக்கு ஏறக்குறைய மூடியே இருப்பது நியாயம் ஆகாது; கற்பிக்கும் திறனை அளக்க வேண்டிய இடத்தில் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்க்கும் இந்த விதி, ஆசிரியர்களோடு கொரியப் பிள்ளைகளுக்கும் இழப்பையே தருகிறது. ஆனாலும் விதி மாறும் வரை அதற்கு உட்பட்டே வழி தேட வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட வழிகள் இரண்டு உள்ளன, இரண்டிலும் குடியுரிமை தடையாக நிற்பதில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகப் பணி ஆணை பெற்று, டி-10-இலிருந்து இ-1-க்கு மாறலாம். கணிதமோ அறிவியலோ கற்பிக்கும் தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள், வெளிநாட்டவர் பள்ளிகளிலும் சர்வதேசப் பள்ளிகளிலும் ஆசிரியராகி இ-7 பெறலாம். 2010-இல் சோங்தோவிலும் 2011-இல் ஜேஜு தீவிலும் இத்தகைய பெரிய பள்ளிகள் தொடங்கப்பட்டுள்ளன.

ஊரிலிருந்து தொடங்கும் வேலை

தகுதி மாற்றத்துக்கான விண்ணப்பம் கொரியாவில் கொடுக்கப்பட்டாலும், அதற்கான ஆவணங்களில் முக்கியமானவை சொந்த ஊரிலிருந்தே வர வேண்டும். இ-2 விண்ணப்பத்தோடு பணி ஒப்பந்தம், பணி தரும் நிறுவனத்தின் பதிவுச் சான்று ஆகியவை தவிர, பட்டச் சான்றிதழும், குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான காவல்துறைச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையுடன் இருக்க வேண்டும். அப்போஸ்டில் என்பது, ஓர் ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு, 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி தரும் உறுதிச்சான்று. அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005 முதலும், தென்கொரியா 2007 முதலும் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கிய பட்டமாயின், முதலில் மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, அதன் பின்னரே மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலுக்கு அனுப்ப வேண்டும். காவல்துறைச் சான்று அண்மையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால் அதை வெகு முன்னதாக வாங்கிவைப்பதில் பயனில்லை. பட்டச் சான்றிதழுக்கு அப்படிப்பட்ட கெடு கிடையாது என்பதால் அதற்கான வேலையை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று பெயரில் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நிற்க, கடவுச்சீட்டில் அதே தந்தை பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயராக அமர்ந்திருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பது கொரிய அலுவலருக்குத் தானாக விளங்காது. பெயரை ஒருமைப்படுத்துவதையோ, இரு பெயரும் ஒருவருடையவையே என்ற சான்றைப் பெறுவதையோ முன்கூட்டியே செய்துகொண்டால் பின்னர் வரும் அலைச்சல் குறையும்.

இ-2 ஆசிரியர்கள் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். காசநோய், போதைப்பொருள் பயன்பாடு ஆகியவை அதில் சோதிக்கப்படுகின்றன. முன்னர் கட்டாயமாக இருந்த எச்.ஐ.வி. பரிசோதனை பாகுபாடானது என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2015-இல் கருத்துரைத்தது. 2017-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஓர் ஆசிரியை தொடுத்த முறையீட்டால் வந்த அந்த மாற்றம், வெளிநாட்டு ஆசிரியரின் உரிமையும் காக்கப்படக்கூடியதே என்பதற்குச் சான்று.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

தகுதி மாறியபின் ஆசிரியரின் தங்கும் உரிமை அந்த ஒரு பணியிடத்தோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. வேறோர் இடத்தில் மாலை வகுப்பெடுப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் வேறு பள்ளிக்கு மாற விரும்பினால், பழைய நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும் என்பது வழக்கமான நடைமுறை. ஆசிரியர் பணியிலிருந்து விலகினால் அதை 15 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை வேலை கொடுத்தவருக்கு உண்டு. எனவே மீண்டும் டி-10-க்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தால், ஆசிரியர் நாள் கடத்தாமல் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓர் ஆண்டு பணி முடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான பணிக்கொடையைக் கொரியச் சட்டம் உறுதி செய்கிறது. வெளிநாட்டவர் என்பதற்காக அதை மறுக்க முடியாது. அந்தத் தொகையைத் தவிர்ப்பதற்காகவே 11 மாத ஒப்பந்தம் போடும் நிறுவனங்களும் உண்டு என்பதால், கையெழுத்திடும் முன் தொடக்க நாளையும் முடிவு நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடம், வாராந்திர வகுப்பு நேரம் ஆகிய நான்கும் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

குடிவரவு அலுவலகத்தின் நடைமுறை விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை; அதனால் நண்பர் சென்ற ஆண்டு கொடுத்த ஆவணப் பட்டியலை நம்பிச் செல்வதைவிட, பல மொழிகளில் இயங்கும் 1345 என்ற அரசு உதவி எண்ணில் கேட்டுத் தெளிவது பாதுகாப்பானது. டி-10 கையில் இருக்கும் தமிழ் இளைஞர்கள், எந்தத் தகுதிக்குத் தாங்கள் உரியவர்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, ஆவணங்களைச் சேர்த்து, அனுமதி கைக்கு வந்த பின்னரே வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். எத்தனை நல்ல வேலையாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு மணி நேரப் பாடமும் எடுக்க வேண்டாம்.