தண்ணீர் குடிக்காத மணல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்தில், கோடையில் தவறாமல் தெளிப்பான் ஓடிய புல்தரையைத் தோண்டினாலும் சில இடங்களில் அடிமண் பொலபொலவென்று காய்ந்து உதிரும். இத்தனைக்கும் அது கடலோரச் சமவெளியின் மணல். மணலில் ஊற்றிய தண்ணீர் நொடியில் மறைந்துவிடும் என்றுதானே நினைத்திருக்கிறோம்?

தடுப்பது மெழுகு. மட்கும் இலை, வேர், பூஞ்சை இழைகளிலிருந்து வரும் மெழுகுப் பொருள்கள் மணல் துகள்கள் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. களிமண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு மிக அதிகம் என்பதால், அத்தனை மெழுகும் அதில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அங்குள்ள உழவர்கள் மணல் வயலில் களிமண்ணைக் கொண்டுவந்து கலப்பதும் இதனால்தான். மணலின் பரப்போ சொற்பம். பூச்சேறிய மணலில் விழும் துளி, சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததைப் போல உருண்டு நிற்கும்.

ஈரம் இருக்கும்வரை இந்தக் குணம் வெளியே தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் வந்தது வினை. பிறகு விடும் தண்ணீர் பரவாது. கிடைத்த சில வழிகளில் மட்டும் விரல்விரலாக இறங்கி, உரத்தையும் இழுத்துக்கொண்டு வேருக்குக் கீழே போய்விடும். மேலே புல் திட்டுத்திட்டாகக் கருகும். பார்ப்பவருக்குக் குழாயை இன்னும் திறக்கத்தான் தோன்றும். ஆனால் பெர்த்தில் குடிநீர் வாரியத் தண்ணீரைத் தெளிப்பானில் விட வாரத்துக்கு 2 நாள்தான் அனுமதி.

இங்கேதான் மண்ணை நனையவைக்கும் மருந்து ஏற்றிய நனைப்பான் குருணை வேலைக்கு வருகிறது. அந்த மருந்தின் மூலக்கூறில் ஒரு பகுதி மெழுகைப் பற்றும். மறுபகுதி நீரை இழுக்கும். நம் ஊரில் வழுக்கும் இலையில் பூச்சிமருந்து படிய ஒட்டு திரவம் கலக்கிறார்களே, அதுவும் இந்த வேதியியல்தான். குருணை வெறும் சுமைதாங்கி. தூவிய கையோடு நன்றாகத் தண்ணீர் விட்டால்தான் மருந்து கரைந்து மண்ணுக்குள் போகும். உரம் தூவும் கருவியே இதற்கும் போதும் என்பது திரவ மருந்தில் இல்லாத வசதி. மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதால் போகப்போக வலு குறையும். கோடை தொடங்கி மண் காய்வதற்கு முன்பே தூவிவிடுவது நல்லது.

பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போடவேண்டியது ஒன்று உண்டு: இது தண்ணீரைச் சேர்த்து வைக்காது. உறிஞ்சி ஊதிப் பெருக்கும் ஜெல் வேறு சரக்கு. குருணை செய்வது, விட்ட நீரை வேர்ப்பகுதி முழுக்கப் பரவவிடுவது மட்டும்தான். தெளிப்பான் ஓடும் நேரத்தைக் குறைக்காதவருக்கு மிச்சம் ஏதும் இல்லை. ஏற்கெனவே நீரை ஏற்கும் மண்ணில் தூவுவதோ காசுக்குக் கேடு.

எது எப்படிப்பட்ட மண் என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். புல்லுக்கு அடியிலிருந்து மண்ணை எடுத்துக் காயவைத்து, ஒரு துளி நீர் விடுங்கள். 5 நொடிக்குள் உள்ளே போனால் குருணை தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் துளியை அப்படியே உட்காரவைக்கும் மண்ணும் இருக்கிறது.