கழற்றி ஏற்றக்கூடிய வைரமர வேலை மேசை

தோட்டமும் வயலும் செய்து பழகிய குடும்பம் காணியை விட்டு வந்து வேறிடத்தில் இருக்கும்போது, கையில் மிஞ்சுவது உழைக்கும் பலமும் சில ஆயுதங்களுமே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதோர் இன்றும் உளர். அவ்வாறான குடும்பங்களிற் பலர் மண்வெட்டிப் பிடி, கோழிக்கூடு, தேனீப்பெட்டி, யன்னல் சட்டம் என்று சிறு மரவேலைகளைச் செய்து வருகின்றனர். அவர்களுக்கு உதவக்கூடிய வேலை மேசை ஒன்றைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் விளக்குகின்றோம்.

மேசை எதற்கு?

எங்கள் தச்சுத் தொழிலாளர் நிலத்தில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்து வந்தனர். அது நல்ல முறைதான். ஆனால் அதற்கு இரண்டு கால்களும் வளையும் முதுகும் வேண்டும். போரினாற் காலை இழந்தவர்களும், முழங்கால் நோவுள்ள முதியோரும் அவ்வாறு அமர முடியாது. மரத்தை மேசை பிடித்துக்கொண்டால் இரு கைகளும் சீவுளிக்குக் கிடைக்கும். நின்று சீவுபவருக்கு உடற்பாரமும் உதவும். வீட்டுப் பெண்களும் இவ்வேலையைப் பழகிக்கொள்ளலாம்.

மேசை பாரமாக இருக்கவேண்டும். பாரமற்ற மேசை சீவுளியின் ஒவ்வொரு தள்ளுக்கும் நகரும். ஆனால் பாரமான மேசையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறமுடியாது. ஆகவே, நிற்கும்போது பாரமாகவும், மரையாணிகளைக் கழற்றினால் ஆறு துண்டுகளாகப் பிரிந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறக்கூடியதாகவும் இதனை அமைக்கின்றோம்.

எந்த மரம்?

முதிரை மிகச் சிறந்தது. வைரம் பாய்ந்தது, அழகிய மஞ்சள் நிறமுடையது, சீவினால் பட்டுப்போல மினுங்கும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் சொறியையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டி, வேலை முடிந்ததும் கைகால் கழுவவேண்டும். வேம்பு அடுத்தது. அதனைச் சீவுவது இலகு, கறையானும் எளிதில் அண்டாது. பாலை நீரில் அமிழும் அளவுக்குப் பாரமானது. உளியின் கூரை விரைவில் மழுக்குமாதலால் கொட்டாப்புளிக்கும் மரஆணிக்கும் மட்டும் அதனை வைத்துக்கொள்ளலாம். பனையின் வெளிப்பகுதி உறுதியானது, உட்பகுதி சோறு. அதனால் மேற்பலகைக்கு அது உதவாது.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கின்றது. வேறு மரமானாலும் தறிக்குமுன்னும் ஏற்றுமுன்னும் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிந்துகொள்ளுங்கள். விறகுக்கோ மரத்துக்கோ காட்டுக்குள் போகும்போது சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கவேண்டாம். போர் 2009 இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீண்டுள்ளது.

இடிந்த வீடுகளின் தீராந்தியும் நிலைகளும் பல ஆண்டுகள் காய்ந்த அருமையான மரங்கள். ஆனால் இடிந்த வீட்டுக்கும் உரியவர் ஒருவர் இருக்கின்றார். அவர் சம்மதத்துடன் மட்டும் எடுக்கவேண்டும். போர் நடந்த இடத்து மரத்தினுள் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கக்கூடும். வாளின் பல் பறந்து கண்ணில் படலாம். மரத்தைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். கறுத்த நீலக் கறை தெரியும் இடத்தை உளியாற் கிண்டிப் பார்த்த பின்னரே வாளை வையுங்கள்.

பச்சை மரத்தில் மேசை செய்தால் அது முறுகும். அரிந்த பலகைகளை நிழலில், ஒன்றன்மேல் ஒன்றாக, இடையிடையே ஒரே கனமான குச்சிகள் வைத்து அடுக்குங்கள். முனைகளுக்குப் பெயின்ற் பூசினால் வெடிப்புக் குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக்கணக்கு.

தேவையான துண்டுகள்

மேற்பலகை: 10 அங்குல அகலம், 2 அங்குலக் கனம், 5 அடி நீளம் - 2.
கால்: 3 அங்குலச் சதுரம், 30 அங்குல நீளம் - 4.
குறுக்குச்சட்டம்: 4 அங்குலம் x 2 அங்குலம், 19 அங்குல நீளம் - 4.
நீள்சட்டம்: 6 அங்குலம் x 2 அங்குலம், 39 அங்குல நீளம் - 2.
மரையாணி, சுரை, வாசர்: 3/8 அங்குலக் கனத்தில் 7 அங்குல நீளமானவை 4, 6 அங்குல நீளமானவை 4.

மரம் ஏறக்குறைய 3 கன அடி. கழிவையும் சேர்த்து மூன்றரைக் கன அடி வாங்கவேண்டும். முதிரையிற் செய்தால் மேசை 80 கிலோவை அண்டும். ஆனால் ஒரு மேற்பலகை 20 கிலோ அளவுதான். ஒருவரே தோளில் வைக்கலாம்.

உயரம் 32 அங்குலம் எனக் கொண்டுள்ளோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே உங்கள் மேசைக்கு உரியது. அதற்கேற்பக் காலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை

1. காலும் சட்டமும்: இரண்டு கால்களை இரண்டு குறுக்குச்சட்டங்களால் இணைத்தால் ஒரு பக்கச்சட்டகம். இவ்வாறு இரண்டு செய்யவேண்டும். குறுக்குச்சட்டத்தின் இரு முனைகளிலும் 2 அங்குல நீளமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள கழுந்து வெட்டுங்கள். காலில் அதே அளவில் பொளி துளையுங்கள். மேற்சட்டம் காலின் உச்சியோடு சமமாக வரும். அதன் கழுந்தில் மேல் அங்குலத்தை வெட்டிவிட்டால் பொளி காலின் உச்சியில் பிளக்காது. கீழ்ச்சட்டம் நிலத்திலிருந்து 4 அங்குலம் மேலே வரும்.

2. மரஆணி: காலில், பொளியின் ஊடாக அரை அங்குலத் துளை இடுங்கள். கழுந்தைச் செருகித் துளையின் இடத்தை அடையாளமிட்டு வெளியே எடுங்கள். கழுந்தில் இடும் துளை அந்த அடையாளத்திலிருந்து ஒரு நூற்கனம் தோட்பக்கமாக இருக்கட்டும். முனை ஒடுங்கிய பாலை ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பிசின் இல்லாமலே மூட்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

3. நீள்சட்டம்: இதன் முனைகளில் அரை அங்குலக் குறுங்கழுந்து மட்டும் போதும். நிலத்திலிருந்து 9 அங்குலத்தில் இதன் அடி வரட்டும். அப்போதுதான் மரையாணி கீழ்க் குறுக்குச்சட்டத்தின் கழுந்தில் முட்டாது. காலின் வெளிப்பக்கத்திலிருந்து சட்டத்தின் முனைக்குள் நேராகத் துளையிடுங்கள். சட்டத்தின் உட்பக்கத்தில், தோளிலிருந்து 3 அங்குலம் தள்ளி, ஒன்றரை அங்குலச் சதுரக் குழி வெட்டினால் 7 அங்குல மரையாணியின் சுரை அதற்குள் அமரும். முழுதாக இறுக்குமுன் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் சட்டகம் சதுரமாக நிற்கின்றது.

4. மேற்பலகை: இரு பலகைகளுக்கும் இடையில் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். மரம் ஊதவும் சுருங்கவும் அது இடம் தரும். ஒவ்வொரு பலகைக்கும் இரு முனைகளிலும், அகலத்தின் நடுவில், ஒவ்வொரு 6 அங்குல மரையாணி போட்டு மேற் குறுக்குச்சட்டத்தோடு இறுக்குங்கள். ஆணித்தலை பலகை மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே புதையவேண்டும். மேலே நின்றால் சீவுளியின் அலகு கெடும்.

5. மட்டம்: நேரான இரு கம்புகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்துக் கண்ணை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கம்புகள் ஒன்றுக்கொன்று சரிந்து தெரிந்தால் உயர்ந்த மூலையைச் சீவவேண்டும்.

6. பிடிப்பு: இரும்பு இறுக்கி வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பலகையின் இடது முனையில் ஓர் அங்குலச் சதுரத் துளையிட்டுப் பாலைக்கட்டை ஒன்றை இறுக்கமாகச் செருகுங்கள். தட்டினால் உயரும், மீண்டும் தட்டினால் அமிழும். சீவும் மரம் அதில் முட்டி நிற்கும். முன்பலகையில் இன்னும் சில துளைகளிட்டு முளையும் ஆப்பும் வைத்தால் பக்கவாட்டிலும் இறுக்கிக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்காயின் முன்பக்க நீள்சட்டத்தை விட்டு, இரண்டையும் பின்பக்கத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பொருத்துங்கள். முழங்கால் உள்ளே போக வழி கிடைக்கும். அவர் அமர்ந்திருக்கும் உயரத்தை அளந்து காலைக் குறையுங்கள்.

பராமரிப்பு

காலின் கீழ்த் தட்டையான கல் வைத்தால் ஈரமும் கறையானும் ஏறா. ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகத் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனையுங்கள். கழிவு எஞ்சின் எண்ணெய் வேண்டாம், செய்யும் பொருளில் கறை படியும். ஆடி, ஆவணி வெயிலில் மரம் சுருங்கும், கார்த்திகை மாரியில் ஊதும். வெயிற்காலத்தில் ஒரு தடவை சுரைகளை இறுக்குவது நல்லது.

கழற்றும் நாள் வந்தால், ஒவ்வொரு மூட்டிலும் இரு பக்கத்துக்கும் ஒரே இலக்கத்தை உளியாற் கீறிவிடுங்கள். மரையாணிகளையும் சுரைகளையும் ஒரு தகரப்பேணியில் இட்டுக் கட்டுங்கள். போய்ச்சேரும் இடத்தில் ஒரு மணித்தியாலத்துள் மேசை மீண்டும் நிற்கும். அங்கே உங்கள் வீட்டின் நிலையையும் கதவையும் அதன்மேல் வைத்தே சீவத் தொடங்கலாம்.