குழாய் இல்லாத தண்ணீர்த் தொட்டி

கோத்தகிரி போய் வந்தோம் என்றதும் "படகு விட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாங்கள் போனது லாங்வுட் சோலைக்கு. அங்கே படகும் இல்லை, பஜ்ஜிக் கடையும் இல்லை. வனத்துறை அனுமதியோடு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் இருக்க, நடுவில் 116 ஹெக்டேர் மட்டும் இருட்டாக நிற்கிறது. கிளையெல்லாம் பாசி. காலடியில் மெத்தை மாதிரி இலைமக்கு. சிவில் படிக்கும் எனக்கு அந்த மக்குதான் பாடமாகிவிட்டது.

மழைநீரில் எவ்வளவு பங்கு தரைமேல் ஓடிவிடும் என்று ஒரு குணகம் படித்தோமே, நினைவிருக்கிறதா? கான்கிரீட் தரைக்கு 0.9 வரை வரும். நல்ல காட்டுக்கு 0.2 கூடத் தேறாது. இந்தச் சோலையில் 25 மி.மீ. மழை பெய்தால் 29,000 கன மீட்டர், அதாவது 2 கோடியே 90 லட்சம் லிட்டர்! கான்கிரீட்டாக இருந்தால் அன்றைக்கே சாக்கடைக்குப் போயிருக்கும். இங்கே இலை குடித்தது, ஆவியானது போக மீதி மெல்ல மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாகக் கசிந்து, கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீராகிறது. பம்பும் வேண்டாம், கரண்ட் பில்லும் வேண்டாம். 2024-இல் இதை ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். காடு எப்படி ஈரநிலம் ஆகும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. அந்த ஊற்றுகளைப் பார்த்த பிறகு புரிந்தது.

காவலுக்கு வனத்துறை மட்டுமில்லை, உள்ளூர்க்காரர்களே சேர்ந்த கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. குப்பை பொறுக்குவது, அந்நியச் செடிகளைப் பிடுங்குவது, சோலை நாற்று நடுவது, நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. "பாதையை விட்டு இறங்காதீங்க தம்பி" என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். காரணம் உண்டு. சோலைக் கன்று மர நிழலில்தான் பிழைக்கும். வெட்டவெளியில் உறைபனி கருக்கிவிடும். வெளியிலிருந்து வந்த சீகை மரமோ திறந்த இடம் கிடைத்தால் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். மேல்நிலைத் தொட்டி இடிந்தால் டெண்டர் விட்டு ஆறு மாதத்தில் கட்டிவிடலாம். இதற்கு எந்த டெண்டரும் கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே உண்டாம். எங்கள் கூச்சலுக்கு ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன! போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நடங்கள். மழைக்காலமென்றால் பையில் உப்பு இருக்கட்டும். அட்டைக்கு சிவில், மெக்கானிக்கல் என்ற பேதமெல்லாம் கிடையாது.