வெள்வேல் மரத்தை அறிந்துகொள்வோம்

திருப்பூர் என்றவுடன் பனியன் தொழிலே எவர்க்கும் நினைவுக்கு வரும். அம்மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பகுதிகளிலோ வேறொரு செல்வம் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே குடை விரித்தாற்போல் வெள்வேல் மரங்கள். இம்மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு மக்கள் கொறங்காடு என்பர். புகழ்பெற்ற காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இங்கேதான்.

ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் வறண்ட நிலத்திலும் வெள்வேல் உறுதியாக நிற்கும். வறட்சி மிகுந்தால் இலைகளை உதிர்த்து, நீர்ச்செலவைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் புல் காய்ந்து போகும் வேளையில் இதன் காய்கள் முற்றி உதிரும். ஆடுமாடுகள் அவற்றை விரும்பித் தின்னும். தடித்த தோலுடைய விதைகள் பல செரிக்காமல் சாணத்துடன் வெளிப்பட்டு, மழை கண்டதும் முளைக்கும். இவ்வாறு மரம் கால்நடைக்குத் தீனி தருகிறது. கால்நடை மரத்தைப் பரப்புகிறது.

கொறங்காடுகள் மனைகளாக மாறுவதால் இம்மரங்கள் குறைகின்றன. அத்துடன் மற்றோர் அபாயமும் உண்டு. அயல்நாட்டுப் படர் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வகுத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த சீமைக்கருவேல் அவற்றுள் முக்கியமானது. அதை வெட்டுவோர், முள் உள்ளதெல்லாம் ஒன்றே என எண்ணினால் வெள்வேலும் வீழ்ந்துவிடும்.

ஆகவே அடையாளம் அறிதல் அவசியம். வெள்வேலின் பட்டை வெளிறிய நிறமுடையது, பூக்கள் வெளிர்மஞ்சள் நிறச் சிறு உருண்டைகளாய்க் கிளை நுனிகளில் பெருங்கொத்தாகப் பூக்கும், காய் தட்டையானது. சீமைக்கருவேல் பெரும்பாலும் அடியிலிருந்தே பல கிளைகளாகப் புதர்போல் பரவும். அதன் பூ நீண்ட கதிர்போன்றது. காய் தடித்து மஞ்சளாக இருக்கும். நாட்டுக் கருவேலின் பட்டையோ கறுத்து வெடித்திருக்கும். காய் மணி கோத்தாற்போல் இடையிடையே சுருங்கியிருக்கும்.

புதர் அகற்றும் பணி தொடங்குமுன், ஊராட்சியினர் கால்நடை வளர்க்கும் பெரியோருடன் நிலத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு வெள்வேலுக்கும் சுண்ணாம்புப் பட்டை அடித்துவைத்தல் நலம். கோடையில் நெற்றுகளைச் சேகரித்து, விதைகளை வெந்நீரில் ஊறவைத்து, மழைக்காலத்தில் வெறுமையான கொறங்காடுகளில் ஊன்றலாம். பெருஞ்செலவு இதற்கு வேண்டியதில்லை. மரத்தை இனங்கண்டறியும் கண் இருந்தால் போதும்.