நாயைக் காணவில்லையா?

தீபாவளி வெடிச் சத்தம் நமக்குக் கொண்டாட்டம். நாய்க்கு அது பெரும் பயம். அதன் காது நம் காதைவிடக் கூர்மையானது. மிரண்டு வீட்டை விட்டு ஓடிவிடும். "தானே வந்துவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே தேடுங்கள்.

முதலில் கட்டிலுக்கு அடியில், விறகுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில் பாருங்கள். பயந்த நாய் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. சத்தம் அடங்கிய விடியற்காலையில் மறுபடி தேடுங்கள். பால்காரரிடமும் டீக்கடையிலும் அடையாளம் சொல்லுங்கள். நிறம் என்ன? வால் எப்படி? கழுத்தில் பட்டை உண்டா? நாய் பிடிக்கும் வண்டி வந்ததா என்று நகராட்சியில் கேளுங்கள். கண்டதும் துரத்தாதீர்கள். உட்கார்ந்து, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நாய் கிடைத்துவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் கொஞ்சுவதற்கு முன் அதன் உடம்பைப் பாருங்கள். கடிபட்ட காயம் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வெறிபிடித்த நாய் கடித்திருந்தால், உங்கள் நாய்க்கும் வெறிநோய் வரலாம். பல வாரம் கழித்தும் வரும்.

வெறிநோய் மனிதருக்கும் பரவும். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக அரிது. ஆனால் தடுக்க முடியும். நாய் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நாய்க்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா?